கேப்டன் என்னும் பதவிப் பெயர் எதுவரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணிகள் விமானங்களை ஓட்டுவோர் தங்கள் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று எழுதிக்கொள்வது முறைதானா என்று தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவர் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளும்போது விமானி போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று மற்றொருவர் மறுமொழி எழுதியிருந்தார். மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்புப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இரண்டு கடிதங்களும் திருமண அழைப்பிதழையும் வாசல் பெயர்ப் பலகையையும் வைத்தே வழக்காடுகின்றனவே தவிர, அந்தப் பதவிப் பெயரால் உயிர்கள் பிழைக்கவும் போகவும் நேர்கிற இடமாகிய, விமானிகள் அமரும் காக்பிட் அறையை இரண்டுமே எட்டிப் பார்க்கவில்லை என்பதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கும் எந்த உரிமமும் யாரையும் கேப்டன் ஆக்குவதில்லை. குறைந்தது 200 மணி நேரம் பறந்தவர் வணிக விமானி உரிமம் பெறலாம். 1500 மணி நேரமும் உரிய தேர்வுகளும் முடித்தவர் விமானப் போக்குவரத்து விமானி உரிமம் பெறலாம். கேப்டன் என்பதும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) என்பதும் விமான நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் பதவிகள். சட்டம் கேட்பது வேறொன்று: இந்தக் குறிப்பிட்ட பயணத்தில் விமானத்தின் கட்டளைப் பொறுப்பு யாருடையது? கேப்டனுக்குரிய நான்கு பட்டைகளைத் தோளில் அணிந்த இருவர் அருகருகே அமர்ந்து பறப்பது அன்றாடம் நடக்கிற ஒன்று. பயிற்சியளிப்பவர் வலப்பக்க இருக்கையிலும் புதிதாகப் பதவி உயர்வு பெறுபவர் இடப்பக்கத்திலும் இருப்பார்கள். அமெரிக்கா செல்லும் நெடும்பயணங்களில் நான்கு விமானிகள் போவார்கள், அவர்களில் இருவர் கேப்டன்களாக இருப்பதுண்டு. பட்டைகளைப் பார்த்து எதுவும் தெரியாது. அதனால்தான் பழுதும் பராமரிப்பும் பதியப்படும் டெக் லாக் புத்தகத்தை நீட்டும்போது, "இன்றைக்கு கமாண்டர் யார் சார்?" என்று கேட்டுவிட்டே கையெழுத்து வாங்குவோம். பராமரிப்புப் பணி முடிந்து விமானம் பறக்கத் தகுதியானது என்று நான் ஒப்பமிட்டுக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு அவர் ஒப்பமிடுவார். பறக்கும்போது அந்த விமானத்துக்கு நேர்வதற்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர் ஒருவரே.

இந்தப் பொறுப்புக்குக் கால எல்லையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வானில் நடக்கும் குற்றங்கள் குறித்து 1963-இல் டோக்கியோவில் ஏற்பட்ட உடன்படிக்கையை ஏற்று இந்தியா 1975-இல் சட்டம் இயற்றியது. அடாவடி செய்யும் பயணியைக் கட்டிப்போடவும் அடுத்த விமான நிலையத்தில் இறக்கிவிடவும் காவல்துறையிடம் ஒப்படைக்கவும் விமானத்தின் கமாண்டருக்கு அந்த உடன்படிக்கை அதிகாரம் தருகிறது. ஆனால் எப்போது முதல் எப்போது வரை? பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் எல்லாம் சாத்தப்பட்ட கணத்திலிருந்து, இறங்குவதற்காக ஏதேனும் ஒரு கதவு திறக்கப்படும் கணம் வரை. எங்கேனும் கட்டாயத் தரையிறக்கம் நேர்ந்தால் உரிய அதிகாரிகள் வந்து பொறுப்பேற்கும்வரை அது நீடிக்கும்; அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. கேப்டன் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் அதிகாரத்தின் உண்மையான நீள அகலம் இதுதான். கதவைத் திறந்து ஏரோபிரிட்ஜில் நடந்து வருகிறவர் பெரும் திறமையும் மதிப்பும் உள்ள ஒரு தொழில் வல்லுநர், ஐயமில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை அவர் உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மருத்துவருடன் ஒப்பிடுவது பொருந்தாததற்குக் காரணமும் இதுவே. மருத்துவர் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் அவர் படித்துப் பெற்ற தகுதியைச் சுட்டுகின்றன. அவர் உறங்கும்போதும் அந்தத் தகுதி அவரிடம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் நிறுவனம் தரும் பதவிப் பெயரை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆயினும் எந்த வகையான பெயர்கள் ஒருவரோடு எங்கும் ஒட்டி வரலாம் என்பதில் நம் குடியரசு தொடக்கத்திலேயே ஒரு கோடு கிழித்திருக்கிறது. (பெயருக்கு முன்னால் 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் என் தொழிலைச் சேர்ந்தவர்களிடமும் உண்டு. அதையும் நான் ஆதரிக்கவில்லை.)

இந்தப் பதவிப் பெயர்கள் வானில் பிறந்தவையும் அல்ல. அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் 1930-களில் நீரில் இறங்கும் பெரிய விமானங்களைக் கடல் கடந்து இயக்கியபோது, தோல் சட்டையும் கண்ணாடியுமாய் இருந்த சாகச விமானிகளைக் கண்டு அஞ்சிய பயணிகளுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காகக் கப்பல் அதிகாரிகளின் கருநீலச் சீருடையையும் பதவிப் பெயர்களையும் எடுத்துக்கொண்டது. விளம்பரத் தேவைக்காக வந்தது நாளடைவில் உலகெங்கும் மரபாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடுவானில் குலுங்கும் விமானத்தில் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் பயணிக்கு, "உங்கள் கேப்டன் பேசுகிறேன்" என்ற குரல் இன்றும் ஆறுதல் தருகிறது. சில ஆண்டுகளாக அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்கிறோம், மகிழ்ச்சி. பயணிக்குச் சொல்லும்போது பதவிப் பெயர் கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் காக்பிட்டுக்குள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள அது வேண்டாம். பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழையில் இறங்கியது. முதல் முயற்சி கைவிடப்பட்டிருந்தது. தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் சரியாக இயங்கவில்லை. இரண்டாவது முறை எதிர்த்திசை ஓடுபாதையில், பின்னாலிருந்து காற்று தள்ள, இறங்கினார்கள். 8858 அடி நீள ஓடுபாதையில் சக்கரம் தரையைத் தொட்டது 4438 அடி தாண்டிய பிறகு. மேட்டு நில ஓடுபாதையின் விளிம்பைக் கடந்து விமானம் கீழே விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். விபத்துப் புலனாய்வுப் பிரிவு வெளியிட்ட அறிக்கையில் காக்பிட் ஒலிப்பதிவைப் பற்றிய பகுதியைப் படித்த எந்த விமானத் தொழிலாளிக்கும் அது மறக்காது. ஓடுபாதை வீணாகிக்கொண்டிருந்ததைக் கண்ட துணை விமானி முதலில் 'கொஞ்சம் பாருங்கள்' என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். அடுத்து அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்: 'கேப்டன்'. சக்கரம் தரையில் படுவதற்குச் சற்று முன்புதான் 'கோ அரவுண்ட்' என்ற சொல் வருகிறது. மீண்டும் மேலே எழும்பிப் போய்விடுங்கள் என்று பொருள்படும் அந்தச் சொல்லைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விதிப்படி அவர் கட்டுப்பாட்டைத் தாமே கையில் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. துணிந்து சொல்ல இயலாமையையும் இருவருக்கும் இடையே இருந்த அதிகார ஏற்றத்தாழ்வையும் அறிக்கை காரணமாகக் குறிப்பிடுகிறது. தலைமை விமானி விமானப்படையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மிகுந்த அனுபவசாலி. உடன் இருந்தவர் இளைஞர்.

ஓர் உயர்ந்த பதவியை உரக்கச் சொல்வது எச்சரிக்கை ஆகிவிடாது. அது மரியாதை, கூடிப்போனால் ஒரு வேண்டுகோள். 'கேப்டன்' என்று நாள்தோறும் நூறு முறை அழைத்துப் பழகிய செவிக்கும் நாவுக்கும் நூற்றோராவது முறை அது அபாய ஒலியாகப் படுவது எப்படி? சில வெளிநாட்டு நிறுவனங்கள் இதை நேர்மாறாகச் செய்கின்றன. சாதாரண நேரத்தில் இருவரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். எச்சரித்தும் கேட்காத கட்டம் வரும்போது மட்டும், "கேப்டன், நீங்கள் கேட்டே ஆக வேண்டும்" என்று சொல்லும்படி துணை விமானிக்குப் பயிற்சி தருகிறார்கள். அங்கே பதவிப் பெயர் அரிதாக ஒலிப்பதால் அது ஒலித்ததும் கை நின்றுவிடுகிறது.

மங்களூரில் 2010 மே 22-இல் 158 பேரைப் பலிகொண்ட விபத்திலும் நிகழ்ந்தது ஏறத்தாழ இதே. பயணத்தின் பெரும்பகுதி தலைமை விமானி உறங்கியிருந்தார். விமானம் வேண்டிய உயரத்துக்கு மேலாகவே ஓடுபாதையை நெருங்கியது. துணை விமானி மூன்று முறை திரும்ப மேலெழச் சொன்னார். விமானம் 8000 அடியைச் சற்றே தாண்டிய அந்த ஓடுபாதையில் 5200 அடிக்கு அப்பால் இறங்கியது. இங்கே சொல்ல வேண்டிய சொல் சரியாகவே சொல்லப்பட்டது. சொன்னவருடைய பதவி போதவில்லை. இரண்டு விபத்துகளுக்கும் பதவிப் பெயர்தான் காரணம் என்று நான் வாதிடவில்லை. களைப்பும் காற்றும் மழையும் தவறான கணிப்பும் சேர்ந்தே விபத்தாகின்றன. அடுத்த இருக்கையில் இருப்பவர் வாய் திறப்பதும் திறந்தால் அது காதில் ஏறுவதும், இருவரும் அதற்கு முந்தைய நூறு பயணங்களில் எப்படி உரையாடிப் பழகியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை என்றுதான் சொல்கிறேன்.

உலகம் இதை உணர்ந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. 1977 மார்ச் 27-இல் டெனரீஃப் தீவில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோது, அனுமதியின்றி ஓடத் தொடங்கிய கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்தின் பயிற்சித் தலைவர்; அருகிலிருந்த துணை விமானிக்கு ஜம்போ ஓட்டத் தகுதிச் சான்று அளித்தவரும் அவரே. மற்ற விமானம் ஓடுபாதையிலிருந்து விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்டார்; தலைமை விமானி அழுத்தமாக ஆம் என்றார்; அதற்குமேல் யாரும் பேசவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில் சக்கரக் கோளாறையே ஆராய்ந்துகொண்டிருந்த யுனைடெட் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதைக் கீழ்நிலையில் இருந்தவர்கள் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவற்றின் பிறகுதான் காக்பிட்டில் உள்ள எல்லோருடைய அறிவையும் பயன்படுத்தும் பயிற்சி முறை வந்தது. அதன் பயனை அதே யுனைடெட் நிறுவனம் 1989-இல் சியூ சிட்டியில் கண்டது: விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் வேண்டிய ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்த டிசி-10 விமானத்தை, பயணியாக வந்திருந்த, பயிற்சியளிக்கும் விமானி ஒருவர் தரையில் மண்டியிட்டு, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களை இயக்க, நால்வரும் சேர்ந்து கொண்டுவந்து இறக்கினார்கள். 112 பேர் இறந்தார்கள் என்றாலும் 184 பேர் பிழைத்தார்கள். கேப்டனாக இருந்த ஆல் ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று பேசியபோது, தாம் ஒருவரே முடிவெடுத்திருந்தால் யாரும் பிழைத்திருக்கமாட்டார்கள் என்ற கருத்தையே வலியுறுத்தினார்.

நம் ஊரில் பதவிப் பெயருடன் 'சார்' என்பதும் சேர்ந்துகொள்கிறது. நான் பணியில் இருந்த நாட்களில், விடியற்காலைப் புறப்பாடு ஒன்றுக்கு முன்னால், வலம் வந்து விமானத்தைப் பார்வையிட்ட இளம் துணை விமானி, முதன்மைச் சக்கரத்தின் டயரில் ஒரு வெட்டைக் கண்டார். என்னிடம் வந்து டார்ச் ஒளியைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க சார், எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். பார்த்தேன், ரப்பருக்கு அடியில் இழை தெரிந்தது, சக்கரத்தை மாற்றியே ஆக வேண்டும். அவர் கண்டது சரி, வெகு சரி. ஆனால் அடுத்து அவர் சொன்னது, "கேப்டன் சார் கிட்ட நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிடுங்க, நான் சொன்னா லேட் பண்ணுறேன்னு நினைப்பார்." கேப்டனாக வந்திருந்தவரோ கடிந்து பேசும் மனிதரே அல்லர், சக்கரத்தை மாற்றச் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். அந்த இளைஞர் அஞ்சியது அவரை அல்ல, அவருடைய பதவியை. தரையில், நிற்கும் விமானத்தில், நேரம் கைவசம் இருக்கும்போதே இந்தத் தயக்கம் என்றால், தரையைத் தொட நொடிகளே இருக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் சொல்லி அழைத்தால் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்பார்கள் சிலர். தளராது; காக்பிட்டில் வேலை நடப்பது பதவியால் அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் விமானத்தை ஓட்டுபவர், மற்றவர் கண்காணிப்பவர். கேப்டனே கண்காணிப்பவராகவும் இளையவர் ஓட்டுபவராகவும் இருப்பது சாதாரணம். "கட்டுப்பாடு என்னிடம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கையை எடுக்கிறார்; அதில் சாரும் இல்லை, கேப்டனும் இல்லை. இறுதி முடிவு கமாண்டருடையது என்பதை எந்த விளிச்சொல்லும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க நம் பிள்ளைகளுக்கு நா எழாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். என் மகன் வயதுள்ளவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தால் எனக்கே ஒரு கணம் சுருக்கென்றுதான் இருக்கும். அதற்கு வழி, மூத்தவரே முதலில் கேட்டுக்கொள்வது. பயணத்துக்கு முந்தைய கலந்துரையாடலில், "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், தவறு கண்டால் யோசிக்காமல் சொல்லுங்கள்" என்று தலைமை விமானி சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். அப்படிச் சொல்லும் கேப்டன்களையும் நான் அறிவேன்.

பதவிப் பெயரைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டிய ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு முழுக்கப் பெண்களே இயக்கிய ஃபோக்கர் விமானத்துக்குச் சௌதாமினி தேஷ்முக் தலைமை தாங்கினார். விமானிகளில் பெண்களின் பங்கு உலக சராசரியைவிட இந்தியாவில் இரு மடங்குக்கும் மேல். இருந்தும் சீருடையில் நிற்கும் பெண்ணிடம் தண்ணீர் பாட்டில் கேட்கும் பயணிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர் கேப்டன் என்று ஒலிபெருக்கியில் சொல்லப்படுவது அங்கே வெறும் அலங்காரம் அல்ல.

வெளியுலகில் குழப்பம் வேறு. ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தை விமானி என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர் தரைப்படையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். தரைப்படைக் கேப்டனும் கடற்படைக் கேப்டனும் ஒரே நிலையினர் அல்லர். பின்னவர் கர்னலுக்கு இணையானவர். தமிழ்நாட்டிலோ அடைமொழி ஏதுமின்றிக் கேப்டன் என்றால் மறைந்த விஜயகாந்த்தான். இவர்களுக்கு நடுவே, வணிக விமானி உரிமத்தில் மை உலராத மாணவர்களைக்கூட 'கேப்டன்' என்று அழைத்துச் சுவரொட்டி ஒட்டும் பயிற்சி நிறுவனங்களைப் பார்க்கும்போது, உண்மையில் கட்டளைப் பொறுப்பு ஏற்றவர்களுக்கே இது இழுக்கு என்று தோன்றுகிறது. துணை விமானியாகப் பல ஆண்டுகள் பறந்து, தேர்வுக்குப் பின் தேர்வாகக் கடந்து நான்காவது பட்டையைப் பெற்றவரிடம் கேட்டால் தெரியும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது, அடுத்த மாதம் வெளியான முதற்கட்ட அறிக்கை, துணை விமானி விமானத்தை ஓட்டினார் என்றும் கமாண்டர் கண்காணித்தார் என்றும் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் பல செய்திகளில் இருவரும் 'கேப்டன்' ஆனார்கள். வேறு சிலவற்றில் இருவரும் வெறும் 'விமானி' ஆனார்கள். காக்பிட்டில் யார் யாரிடம் என்ன கேட்டார் என்ற ஊகங்கள் அதன்மேல் கட்டப்பட்டன. இறந்துபோய்த் தம் தரப்பைச் சொல்ல முடியாத இருவரைப் பற்றி எழுதும்போது, கட்டளைப் பொறுப்பு யாரிடம் இருந்தது, அந்நேரத்தில் ஓட்டியவர் யார் என்ற இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுமாறும், அறிக்கை அவற்றைச் சொல்லாதவரை இருவரில் எவருக்கும் எந்தப் பொறுப்பையும் சேர்த்து எழுதாமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
பல்லாவரம், சென்னை.